சட்னி ஜாருக்குள் சுவிசேஷம்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடும் நேரத்தில் போதகர் வாசலை மறித்து நின்றுவிட்டார். அடுத்த மாதம் சர்ச் மைதானத்தில் மூன்று நாள் நற்செய்திக் கூட்டமாம். குடும்பத்துக்கு ஓர் அழைப்பிதழ். அதை ஆண்டவரை அறியாத ஒருவருக்கு நம் கையால் கொடுத்து, நம் வாயால் சொல்லி, கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம். யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று சீட்டில் பேர் எழுதிப் போட்டால் சபையே அந்தப் பேருக்காக ஜெபிக்கும்.

பேனா என் கைக்கு வந்தபோது பின்னால் வரிசை நெருக்கியது. பரீட்சை மண்டபத்தில் எனக்கு வழக்கமாக வரும் வியர்வை வந்தது. பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில் தாண்டியவன் நான். சட்டென்று "கோமதிநாயகம்" என்று எழுதிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கோமதிநாயகம் அண்ணாச்சி பக்கத்து வீட்டுக்காரர். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பு உயரச் சுவர். காலையில் பேப்பரைப் படித்து, எல்லாக் கட்சியையும் திட்டி முடித்ததும் சுவருக்கு மேலாக என்னிடம் நீட்டுவார். திருநீறு பூசாமல் அவர் காப்பி குடிக்க மாட்டார். நான் ஜெபம் பண்ணாமலே குடித்துவிடுவேன். இதில் யார் யாருக்கு நற்செய்தி சொல்வது?

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் கெசியாவிடம் போனில் சொன்னேன். "அப்பா, கடையில கரண்ட் அடிச்சாக்கூட 'இயேசப்பா'ன்னு கத்த வெக்கப்படுற ஆளு நீங்க" என்று சிரிக்கிறாள். மனதுக்குள் போட்டு உழப்பாமல் எழுதுங்கள் என்று இந்த டைரியை வாங்கித் தந்தவளும் அவள்தான். எழுதிவிட்டேன். உழப்பல் அப்படியேதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அழைப்பிதழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். "அண்ணாச்சி, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"நல்ல நேரத்துல வந்தீய தம்பி" என்று அடுக்களையிலிருந்து அவர் மனைவி ஆவுடை மதினி குரல் கொடுத்தார். "மிக்ஸி உறுமுது, சுத்த மாட்டேங்கு. என்னன்னு பாருங்க."

ஊழியத்துக்குப் போனவன் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர்தான் என் தொழில். ஆனாலும் ஆண்டவர் இன்று அந்த மிக்ஸியை அனுப்பித் தப்ப வைத்தார் என்று தோன்றியது. தோன்றியதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

அவர்கள் மருமகள் தாரணி உடம்பு சரியில்லை என்று பெங்களூரிலிருந்து வந்து தங்கியிருக்கிறாள். தாய் இல்லாத பெண். நான் இருந்த நேரம் முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

மிக்ஸியில் ஜாரைச் சுழற்றும் கப்ளர் தேய்ந்திருந்தது. மாற்றினேன். பிறகு ஒரு காரியம் செய்தேன். அழைப்பிதழை நான்காய் மடித்துச் சின்னச் சட்னி ஜாருக்குள் போட்டு மூடியை அமுக்கி, மிக்ஸியோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். மதினி திறப்பார், எடுப்பார், அண்ணாச்சியிடம் கொடுப்பார், அவர் படிப்பார். நான் வாயே திறக்க வேண்டாம். ஊர் ஊராய்ப் போய் நற்செய்தி சொன்ன பவுல் அடிகளுக்கும் தோன்றாத முறை.

மனைவி லில்லியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை, எரிந்துபோன மோட்டாரை நான் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

"ஆசீர்வாதம், குடுத்தாச்சா?" என்று என் பேரைச் சொல்லி நிறுத்திக் கேட்டார் போதகர்.

"குடுத்தாச்சு ஐயா."

"என்ன சொன்னாங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பிறகு ஏன் மத்தியானம் கறிக்குழம்பு இறங்கவில்லை என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. எங்கள் வீட்டில் சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடுவதில்லை. ஆவுடை மதினிக்கு அது தெரியும். ஒவ்வொரு வருஷமும் பிள்ளையாருக்கு எடுத்து வைக்கும் முன்பே எங்களுக்கான கொழுக்கட்டையைத் தனித் தூக்குச்சட்டியில் போட்டு, "இது படைக்காதது தம்பி" என்று சுவருக்கு மேலாகக் கொடுப்பார். நாங்கள் கேட்டதில்லை. அவராக ஆரம்பித்தது. நானும் இதுவரை அதற்கு ஒரு நன்றி சொன்னதில்லை, பூரணம் கூடக் கொஞ்சம் இருக்கலாம் என்று சொன்னதோடு சரி.

இன்று மதினி கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் தாரணி வந்திருக்கிறாள். வாழை இலை போட்ட தட்டு. கொழுக்கட்டை மேல் அருகம்புல்லும் குங்குமமும். லில்லிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வந்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று வாங்கிக்கொண்டாள். அவள் போனதும், குப்பையில் போட மனசு வராமல், வாசலுக்கு வந்த செவலை மாட்டுக்குப் போட்டுவிட்டாள். நிமிர்ந்தால் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு தாரணி நிற்கிறாள்.

"பாத்துட்டாளேங்க" என்று லில்லி கடைக்குப் போன் பண்ணி அழுகிறாள். மாட்டுக்குப் போட்டால் அவர்கள் முறைக்குப் புண்ணியம்தானே என்று தேற்றினேன். போனை வைத்த பிறகு ஸ்குரூ டிரைவரை எங்கே வைத்தேன் என்று வெகுநேரம் தேடினேன். கையில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

பேப்பர் வரவில்லை. அண்ணாச்சி படித்து, மடித்து, உள்ளே கொண்டுபோய்விட்டார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

டீக்கடை மீரான் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க வீட்லயும் படைச்சதத் திங்க மாட்டோம்வே. நான் வாசல்லயே சொல்லிருவேன், 'தாயி, படைக்காதது இருந்தாக் குடு, இல்லன்னா அந்தச் சிரிப்பே போதும்'னு. ஒருத்தரும் கோவிச்சதில்ல. நீரு ஏன் சொல்லல?"

"நான் எங்க பாய் இருந்தேன்? லில்லிதான்..."

"பொண்டாட்டி மேல போடாதயும். இருந்திருந்தா நீரு சொல்லிருப்பீரா?"

வடை ஆறிப்போயிருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

தேதி முப்பது. லில்லி இன்று சாப்பிட மாட்டாள். வருஷா வருஷம் அப்படித்தான். நான் கடையில் நிறைய வேலை வைத்துக்கொண்டேன். வேறு விசேஷம் இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அண்ணாச்சி மகன் சங்கர் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். இத்தனை நாளும் பெரிய ஜாரிலேயே அரைத்தவர்கள் இன்று காலையில்தான் சட்னி அரைக்கச் சின்ன ஜாரைத் திறந்திருக்கிறார்கள்.

நான் சர்ச்சுக்குக் கிளம்பி வண்டியை எடுத்தேன். சங்கர் வாசலில் வந்து நின்றான். கையில் அழைப்பிதழ். நான் மடித்த நாலு மடிப்பும் அப்படியே தெரிந்தது.

"இது ஒங்க வேலையா சார்?"

சார். அவன் எனக்குச் சித்தப்பா என்று கூப்பிட்டுப் பேச்சுப் பழகியவன். என் டூல்பாக்ஸில் இருந்த வாஷர்களை எல்லாம் மோதிரம் என்று விரலில் மாட்டிக்கொண்டு திரிந்தவன்.

"சங்கர், அது வந்து..."

"எங்க வீட்டுல ஆசையாக் குடுக்கிறது ஒங்களுக்கு மாட்டுத் தீனி. ஒங்க நோட்டீஸ மட்டும் நாங்க ஜாருக்குள்ள இருந்து எடுத்துப் படிக்கணும். என்ன?"

"தப்பா நினைக்காத தம்பி..."

"சரியா நினைக்க என்ன இருக்கு? சொல்லுங்க."

நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். சர்ச்சில் போதகர் பிரசங்கம் என்ன என்று வீடு திரும்பியதும் லில்லி கேட்டாள். அவளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

தெரு வாட்ஸாப் குழுவில் சங்கர் போட்டோ போட்டுவிட்டான். சட்னி ஜார், அதற்குள் அழைப்பிதழ். கீழே, "மிக்ஸி ரிப்பேருக்குக் குடுக்கிறவங்க ஜாரைத் திறந்து பாத்து வாங்குங்க." சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக விழுந்திருந்தன. சிரிக்காதவர்களை நினைத்தால்தான் பயம். மேலத்தெரு ஆள் ஒருவர் "போலீஸ்ல சொல்லலாமே" என்று எழுதியிருந்தார். அவர் வீட்டு கிரைண்டர் என் கடையில்தான் கிடக்கிறது. மத்தியானம் வந்து, கழற்றியது கழற்றியபடியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணாச்சி குழுவில் ஒன்றும் எழுதவில்லை. அதைத்தான் நான் திறந்து திறந்து பார்த்தேன். ஊர் என்ன சொன்னாலும் போகட்டும், அந்த மனுஷர் என்ன நினைக்கிறார்? அது தெரியாமல் எனக்குக் கை ஓடவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர்கள் கேட் வரைக்கும் போய், செருப்பு வார் சரியில்லாதவன் போலக் குனிந்து சரிபண்ணிவிட்டுத் திரும்பி வந்தேன்.

செப்டம்பர் 3, புதன்

மத்தியானம் கிரைண்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கடை வாசலில் நிழல் விழுந்தது. அண்ணாச்சி. வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது. 

"ஏ ஆசீரு. ஒரு கேள்வி கேக்கேன். சாராயப் பாட்டிலையா ஜாருக்குள்ள ஒளிச்சு வச்ச?"

"இல்ல அண்ணாச்சி."

"பெறகு? ஒங்க சாமியப் பத்தின விஷயம்தான? அத ஒளிச்சு வச்சுத் தார அளவுக்கு அது என்ன கெட்ட காரியமா? இல்ல, நான்தான் கெட்டவனா?"

"ஐயோ அண்ணாச்சி..."

"இத்தன வருஷமா சொவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கேன். அரசியல் பேசுதோம். ஒன் மூலவியாதி மொதக்கொண்டு எங்கிட்டச் சொல்லியிருக்க. ஞாயித்துக்கிழமை வெள்ளச் சட்ட போட்டுட்டுப் போறியே, அங்க என்னன்னு ஒரு நாள் சொன்னதுண்டா? ஊரே சிரிக்கு. எனக்குச் சிரிப்பு வரல. வருத்தமா இருக்கு. சரி, இப்பச் சொல்லு. நான் சும்மாதான் இருக்கேன்."

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். சொல்லத் தொடங்கினேன். "வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளு அண்ணாச்சி. சாயங்காலம் ஆறு மணி. வாகன வசதி உண்டு..."

"அதெல்லாம் நோட்டீஸ்லயே போட்டிருக்கு. நான் ஒன்னக் கேக்கேன்."

 ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்கள் எல்லாம் அன்றைக்கென்று லீவு போட்டுவிட்டன. அவரே பேசினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒனக்கு மொதப் பிள்ள பொறந்து ரெண்டே நாள்ல போச்சே. ஆகஸ்ட் முப்பது. நானும் கல்லறைக்கு வந்தேன்லா. அந்தச் சின்னப் பெட்டிய எறக்கும்போது எல்லாரும் பாட்டுப் பாடுனீய. எங்க பக்கம்னா நெஞ்சுல அடிச்சு அழுவோம். நீ நின்னு பாடிட்டிருந்த. இந்தப் பய கல்லா, இல்ல இவனுக்கு நமக்குத் தெரியாதது ஏதும் தெரியுமா? அன்னைலருந்து கேக்கணும்னு இருக்கு. சங்கடமா இருக்கும்னு கேக்கல."

 என்ன சொன்னேனோ அதையே எழுதுகிறேன்.

"நான் பாடல அண்ணாச்சி. வாய மட்டும் அசச்சேன். சத்தம் வரல. சுத்தி நின்னவங்க பாடினாங்க. நான் விழுந்திராம அவங்க பாட்டுதான் என்னப் பிடிச்சுட்டு நின்னுச்சு."

அவர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. அந்தப் பிள்ள தொலஞ்சு போகல, ஒருத்தர் கையில இருக்குன்னு நம்புதேன். அந்தக் கையில ஆணி அடிச்ச தழும்பு இருக்கு. வலி தெரிஞ்ச கை. அதனால அந்தக் கைய நம்பி விட்டிருக்கேன். சில நாளு நம்ப முடியாது. அன்னைக்கும் வெள்ளச் சட்டையப் போட்டுட்டுப் போயிருவேன். அவ்வளவுதான். இதத்தான் சொல்லணும். இதச் சொல்லத்தான் பயம்."

அண்ணாச்சி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எதிரே டீக்கடையில் மீரான் பாய் கிளாஸ் கழுவுகிற சத்தம் கேட்டது.

"இத எப்பிடிவே ஜாருக்குள்ள வைப்ப?" என்றார். பிறகு, "நான் கூட்டத்துக்கு வர மாட்டேன்."

"நான் இன்னும் கூப்பிடலயே அண்ணாச்சி."

"அப்பக் கூப்பிடு. நீ கூப்பிட்டாத்தான வர மாட்டேன்னு நான் சொல்ல முடியும்?"

எழுந்து நின்றேன். கிரீஸ் கையைப் பனியனில் துடைத்தேன். "அண்ணாச்சி, வார வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி எங்க சர்ச்சுல கூட்டம். நீங்க வரணும்."

"வர மாட்டேன். எனக்கு எங்க சங்கரநாராயணர் இருக்காரு. ஆனா கேட்டது சந்தோஷம்."

"சரி அண்ணாச்சி."

போவதற்கு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். சொல்ல வந்தது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. தாரணிக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டதாம். இது இரண்டாவது தடவை. சதுர்த்தி அன்றுதான் அந்தப் பெண் முதன்முதலாக எழுந்து குளித்து, தானே மாவு பிசைந்து, பிள்ளையார் முன்னால் வைத்த தட்டிலிருந்தே முதல் பங்கை எங்களுக்கு எடுத்து வந்திருக்கிறாள்.

"அவளுக்கு ஒங்க வழக்கம் தெரியாது. ஆவுடை சொல்ல மறந்துட்டா. தப்பு எங்க மேலயும் உண்டு" என்றார். "எங்க வீட்ல எல்லாரும், 'விடு தாயி, அடுத்தது நிக்கும்'னுதான் சொல்லுதோம். போனதப் பத்திப் பேச அவளுக்கு ஆளில்ல. லில்லிய அனுப்பு. மன்னிப்புக் கேக்க இல்ல. அது தெரிஞ்சவ இந்தத் தெருவுல அவ ஒருத்திதான்."

செப்டம்பர் 4, வியாழன்

"நான் மாட்டுக்குப் போட்டவ. எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போவேன்?" என்று காலையிலிருந்து லில்லி மறுத்துக்கொண்டிருந்தாள். நான் வற்புறுத்தவில்லை, வற்புறுத்த எனக்கு என்ன யோக்கியதை? நாலு மணிக்கு அவளாகவே முகம் கழுவி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, "வாங்க" என்றாள்.

அவளை மதினி உள்ளே கூட்டிப்போனார். அறைக் கதவு சாத்திக்கொண்டது. நானும் அண்ணாச்சியும் முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். மழை வருமா வராதா என்று ஏதோ பேசினோம். இரண்டு பேர் காதும் உள்ளேதான். சங்கர் டீ கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தான். சார் என்றும் சொல்லவில்லை, சித்தப்பா என்றும் சொல்லவில்லை. சர்க்கரை சரியாகப் போட்டிருந்தான்.

உள்ளே ஒரு அழுகை கேட்டது. லில்லியா, அந்தப் பெண்ணா என்று தெரியவில்லை. அண்ணாச்சி எழுந்துவிட்டார். மதினி வந்து, "இருக்கட்டும், நீங்க உக்காருங்க" என்று கையைக் காட்டினார்.  லில்லி ஏதாவது சொல்லி, அவர்கள் ஏதாவது நினைத்து, இருப்பதும் போய்விடுமோ? இன்னொரு வாட்ஸாப் போட்டோவா? டீ அப்படியே ஆடை கட்டியது.

விளக்கு வைக்கும் நேரத்தில்தான் லில்லி வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. நேரே வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே வந்தேன்.

"என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன். நாங்க படைச்சதத் திங்க மாட்டோம் தாயி, அத ஒன் மூஞ்சிக்கு நேரே சொல்லாம வாங்குனது என் தப்புன்னேன்."

"அதுக்கு?"

"மாடாச்சும் தின்னுச்சா சின்னத்தைன்னு கேட்டா. ஒண்ணு விடாம தின்னுச்சு, பூரணம் ஒழுக ஒழுகன்னேன். சிரிச்சா. சிரிச்சிட்டே அழுதுட்டா. பெறகு நம்ம பிள்ளயப் பத்திக் கேட்டா."

லில்லி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஜெபம் பண்ணட்டுமா, ஒனக்குச் சம்மதமான்னு கேட்டேன். பண்ணுங்கன்னு கையப் பிடிச்சுக்கிட்டா. அவளோட ரெண்டு பிள்ளைங்களயும் சேத்துச் சொன்னேன். அவ கண்ண மூடல, என்னையே பாத்துட்டு இருந்தா. முடிச்சதும், 'ஒங்க பிள்ளைக்குப் பேர் வச்சிருந்தீங்களா'ன்னு கேட்டா."

 பேர் சூட்டி ஞானஸ்நானம் கொடுக்கும் முன்பே போன பிள்ளை. அதற்குப் பேர் கிடையாது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். நாங்கள் பேசும்போதும் "அது" என்றுதான் சொல்வோம். சொல்வது என்ன, பேசினால்தானே.

"சொன்னேன்" என்றாள் லில்லி. "வயித்துல இருக்கும்போதே வச்சிருந்தேன்ல" என்று எனக்குத் தெரிந்த விஷயம் மாதிரிச் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

என்ன பேர் என்று கேட்கப் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். அடுக்களை வாசல் வரைக்கும் போனேன். சோறு வடித்துக்கொண்டிருந்தவள் திரும்பி, "என்ன, தண்ணி வேணுமா?" என்றாள். "ஆமா" என்றேன். தம்ளர் நிறைய மொண்டு தந்தாள். நின்றபடியே குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. மறுபடி எழுந்து போகிறேன்.